கேள்வி எதுவும் இல்லை

மண்ணூரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது, அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும் முன் மதிவதனிக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் வல்லம் வடகாலில் தான் வேலை செய்யும் கம்பெனியின் ஷிஃப்ட் மீட்டிங்கில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

அங்கே புதிதாக ஒரு சட்டம். தினமும் ஒருவராவது கேள்வி கேட்டே ஆக வேண்டும். சூப்பர்வைசர் பிரசன்னா நோட்டில் குறித்துக்கொள்வார். மேலிடத்துக்கு அது பிடிக்குமாம். பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் சாம்பாரில் உப்பு, செவ்வாய் பஸ்ஸில் ஃபேன். கேட்டவளும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

புதன்கிழமை சந்திரலேகாவின் முறை. வள்ளியூர்ப் பெண், கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்து இரண்டு மாதம்தான். வார்டனின் இரண்டு கல்யாணக் கதையையும் அவளுக்கு ஒன்று விடாமல் சொன்ன மதிவதனி, ஒப்புக்குக் கேட்டால் போதும் என்ற சூட்சுமத்தைச் சொல்ல மறந்துவிட்டாள்.

"சார், ஆறாம் நம்பர் பிரஸ்ல கை உள்ள போனா மிஷின நிப்பாட்டுத சென்சாரு நாலு நாளா வேல செய்யல. நாந்தான் நிக்கேன். எப்பம் சரி பண்ணுவிய?"

பிரசன்னா சிரித்தார். "நல்ல கேள்வி." நோட்டில் எதையும் குறிக்கவில்லை.

வியாழக்கிழமை சந்திரலேகா வரவில்லை. ஹாஸ்டலில் அவள் பெட்டியும் இல்லை. பிரசன்னா கையில் ஒரு தாள்தான் வந்தது: 'புதன் மீட்டிங்கில் கேள்வி எதுவும் இல்லை. எல்லா மெஷின்களும் சரியாக இயங்குகின்றன.' கீழே ஏற்கெனவே இருபத்தொரு கையெழுத்து.

"நீ பக்கத்துலதானே நின்ன மதி. அந்தப் பொண்ணு இன்னாவோ கேட்டுச்சா?"

"நான் காதுல பஞ்சு வச்சிகினு இருந்தேன் சார்."

"அப்போ போடு."

மதிவதனியின் கான்ட்ராக்ட் இந்த மாதம் முடிகிறது. போட்டாள். ஷேர் ஆட்டோவில் சொல்ல நல்ல சமாச்சாரம் என்றுகூட மனசு ஒரு நிமிஷம் குஷியானது. இன்னும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அதற்குள் இந்தத் தாள் எதற்கு என்ற யோசனை, பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

பிரசன்னா தாளை ஃபைலில் வைத்தார். "ஆறாம் நம்பர்ல ஆள் இல்ல. இன்னிலேர்ந்து நீ நின்னுக்கோ."

"சார், அந்த சென்சாரு..."

"எந்த சென்சார்?" குரலில் கோபமே இல்லை.

மதிவதனி லைனைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தொரு பேரும் குனிந்து வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.