மார்பின் மேல் காந்தம்

பழைய ஸ்பீக்கரின் பின்புறத்தில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினாள் மகள். வட்டக் காந்தம் கையோடு பெயர்ந்து வந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு, அப்பாவின் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையைப் பூட்டாமலேயே வீட்டுக்கு ஓடினாள்.

அப்பாவின் இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்து நேராக்க, இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். பல வருடங்கள் காப்பாற்றிய பெட்டி. இப்போது இதயமே ஓயத் தொடங்கியிருந்தது. பெட்டிக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் அவர் கட்டிலில் எகிறி விழுந்தார். இனி மருத்துவமனை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பெட்டியை அணைக்க ஆள் வர மாலையாகும், அதுவரை மேலே காந்தம் வைத்தால் உதைக்காது என்றாள் வீட்டுக்கு வரும் நர்ஸ்.

பெட்டி வைத்த நாளிலிருந்து, காந்தங்கள் நிறைந்த தன் கடைக்குள் அவர் நுழைந்ததில்லை. வாசலில் நின்றே மகளுக்கு வேலை சொல்வார்.

"உள்ள வந்தா நான் ஆஃப் ஆயிடுவேன்டி."

காந்தத்தை வைத்ததும் மார்புக்குள்ளிருந்து மெல்லிய பீப் ஒலி கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. காந்தம் பட்டால் அப்படித்தான் என்றாள் நர்ஸ். அப்பாவின் முகம் தளர்ந்தது.

"வலிக்கலடி," என்றார்.

மதியம் மூச்சு நின்றது. நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு தலையசைத்தாள். பீப் மட்டும் நிற்கவில்லை.

"உசிரு இருக்கே," என்றாள் அம்மா.

"அது பெட்டியோட சத்தம்மா. அவரோடது இல்ல," என்றாள் நர்ஸ்.

அம்மா மகளைப் பார்த்தாள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லக்கூடியவள் அந்த வீட்டில் இனி அவள்தான். மகள் காந்தத்தைத் தூக்கினாள். பீப் நின்றது.

அப்போதுதான் மின்விசிறி ஓடுவது கேட்டது.

அம்மா கையை நீட்டினாள்.

"குடு."

உறவினர்கள் வரத் தொடங்கியபோது அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு கையைப் போர்வைக்குள் வைத்திருந்தாள். அழுகை ஓய்ந்த இடைவெளிகளில் அது கேட்டது. பெரியப்பா தன் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டார்.

மாலையில், கருவிப் பையோடு ஒருவர் வந்து, இந்த வீடுதானா என்று கேட்டார்.

மகள் எழுந்து போய், அப்பா கடைக்கு வந்தால் நிற்பதுபோல, ஒரு கையை நிலையில் ஊன்றி, வழிவிடாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.