முத்திரை வைத்த பர்வானா

ஜம்புலிங்கத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுதான் வினை.

போர்ட் பிளேரில் விவசாய இலாகா கிளார்க். டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாலு பாத்தி கத்திரி போட்டிருந்தார். அறுபத்தெட்டாம் வருஷம், மழை அறவே நின்று காற்று மாறும் மாசியில் என்னென்ன அந்துப்பூச்சி தலைகாட்டுகிறது என்று மெயின்லேண்டிலிருந்து கேட்டு எழுதினார்கள். தோட்டம் வைத்த பாவத்துக்கு ஆபீசர் அந்த வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார். பொழுது சாயும்போது அரிக்கேன் விளக்கை ஏற்றி, அடியில் மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்த் தொட்டியை வைக்க வேண்டும். விடிந்ததும் விழுந்து கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கி, பஞ்சு வைத்த தீப்பெட்டிகளில் போட்டு, ஆபீஸ் முத்திரை குத்திய சீட்டை ஒட்ட வேண்டும்.

இந்தியில் அந்துப்பூச்சிக்குப் பர்வானா என்று பெயர். சர்க்கார் உத்தரவுக் காகிதத்துக்கும் அதே பெயர்தான். இது தெரிந்த நாள் முதல் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜெட்டிப் பக்கம் நாகூர் கனியின் டீக்கடையில் உட்கார்ந்து, "நிலத்துக்குப் பர்வானா வேணுமா? ஆபீசுக்கு ஏன் அலையறீங்க? எங்க வீட்டுல தினம் நாப்பது விழுது!" என்று தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வார். வடக்கே ரங்கத்தில் காடு திருத்திக் குடியேறி, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு ரங்கத் போய்ச் சேர்ந்தபோது அதில் சிரிப்பு இல்லை, பர்வானா மட்டும்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜம்புலிங்கம் தொட்டிமேல் குனிந்திருந்தபோது, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பர்வானா குடுக்கிற ஐயா நீங்கதானா? நான் ரங்கத்து விசாலாட்சி."

நாகூர் கனிதான் ஆளை ஏவிவிட்டுக் கேலி செய்கிறார் என்று நினைத்தார். கேலிக்குக் கேலி என்று, சீட்டு ஒட்டிய தீப்பெட்டி ஒன்றை எடுத்து, "இந்தாங்கம்மா, முத்திரையோட!" என்று நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மரம் விழுந்து செத்து ரெண்டு வருசமாச்சுய்யா. நாங்க காடு வெட்டித் திருத்துன நெலம். இன்னைக்குச் சாயங்காலம் ரங்கத்துல பட்டாவுக்குப் பேரு கூப்பிடுறாக. ஆளு இல்லேன்னா அடுத்த பேருக்குப் போயிருமாம். ஒங்க கையால பர்வானா வாங்கிட்டா அங்க போய் நிக்கவே வேணாம்னாக."

அப்போதே சொல்லியிருக்கலாம். "அம்மா, இது பூச்சி" என்று மூன்றே சொல். காலைக் கப்பலைப் பிடித்து, பேர் கூப்பிடுமுன் ரங்கத் போயிருப்பாள். ஆனால் அதைச் சொன்னால் தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுமே. ஓயாத அந்த வாய், மூடக் கூடாத நேரம் பார்த்து மூடிக்கொண்டது. அவள் பழத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனாள்.

அடுப்படி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மனைவி மரகதம், "அந்தப் பழத்தை நான் தொட மாட்டேங்க" என்றாள்.

ஆபீசில் பன்னிரண்டு மணிவரை ஒரு காகிதமும் கண்ணில் ஏறவில்லை. அவளுடைய கும்பிடுதான் கண்ணில் நின்றது. லீவு எழுதி வைத்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினார்.

டீக்கடை பெஞ்சில் விசாலாட்சி உட்கார்ந்திருந்தாள். எதிரே தீப்பெட்டி திறந்து கிடந்தது. பஞ்சின்மேல் ஒரு பழுப்புப் பூச்சி. நாகூர் கனி ஜம்புலிங்கத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சீட்டைப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். பாய் பிரிச்சுக் காட்டுனாரு. அதுக்குள்ள காலைக் கப்பல் போயிருச்சு" என்றாள் அவள். "எத்தனையோ தடவை இதுக்குச் சிரிச்சிருக்காராம். இன்னைக்குச் சிரிக்கல."

"தெரியாம செஞ்சுட்டேம்மா."

"குடுக்கையில தெரியாது. நான் சொன்னதுக்கு அப்புறம்?"

ஜம்புலிங்கம் சட்டைப் பையிலிருந்த சில்லறையைக் கப்பல் கூலிக்கு எண்ணினார். "நானும் ரங்கத் வர்றேன்" என்றார்.

"வாங்க. பேரு கூப்பிட்டப்ப எங்க போனேன்னு கேப்பாக. எனக்கு இந்தி வராது. நீங்களே சொல்லுங்க, எல்லாரும் இருக்கையில." தீப்பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அடுத்த கப்பலில் வழி நெடுக ஜம்புலிங்கம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். "சாப், கசூர் மேரா ஹை", தப்பு என்னுடையது என்பதுவரை வந்தது. அடுத்த வாக்கியத்தில் பர்வானா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். இத்தனை நாளும் அதற்காகத்தானே சொன்னார்.