படிக்காமல் போட்ட ஒப்புதல்

திங்கள் காலை நுர்காசி என் மேசைக்கு வந்து மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். எங்கள் பிஷ்கெக் அலுவலகத்தில் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. திரையில் அவன் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு. ஒரு மருத்துவமனைக்காக நாங்கள் செய்து கொடுத்த செயலியிலிருந்து எடுத்திருக்கிறான். எதிர்த் தேநீர்க் கடை வைஃபையில் மனைவியோடு உட்கார்ந்து, தன் கணினியை மருத்துவமனையின் சர்வர் போல வேடம் போட வைத்தானாம். சர்வர் தன்னை இன்னார் என்று காட்டும் சான்றிதழையும் தானே போலியாகத் தயாரித்திருந்தான். மனைவியின் கைப்பேசியிலிருந்த செயலி, இதை யார் கொடுத்தது என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

காரணம் ஒரே வரி. சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லும் வரி. எழுதியவள் ஐச்சுரோக், வேலையில் சேர்ந்து மூன்று மாதம். நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் ஒத்திகை சர்வருக்கு நாங்களே செய்த சான்றிதழைச் செயலி ஏற்கவில்லை என்பதால், இப்போதைக்கு இருக்கட்டும் என்று சேர்த்திருந்தாள். எங்களில் யார்தான் அதைச் செய்யவில்லை? அதனால்தான் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி. ஒப்புதல் தந்தவள் நான். சொந்த ஊரான நரினில் அவள் தெருவும் என் தெருவும் அடுத்தடுத்து. நம்ம ஊர்ப் பெண் எழுதியதைத் துருவிப் பார்த்தால் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே என்று கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். இந்த ஊர்ப்பாசம் எங்களை எப்போதும் இப்படித்தான் படுத்தும்.

அவளுடைய தகுதிகாண் காலம் வெள்ளியோடு முடிகிறது. வேலை போனால் ஊருக்குத்தான் வண்டி ஏற வேண்டும்.

மேலாளர் பெர்டிபெக் எல்லாரையும் கூட்டி, யார் எழுதியது என்று கேட்டார். ஐச்சுரோக் எழுந்து, தான்தான் என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. மூத்தவளைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கோ வாயே திறக்கவில்லை; அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று பெர்டிபெக் ஆரம்பித்தார். ஐச்சுரோக் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒப்புதல் குடுத்தது நான்," என்றேன். "ஒரு வரிகூடப் படிக்கல. 'அக்கா, வெளியிடறதுக்கு முன்னாடி இதை எடுக்கணும், ஞாபகப்படுத்துங்க'ன்னு அந்த வரிக்கு மேலயே எழுதி வச்சிருந்தா. இன்னைக்குத்தான் பாக்குறேன்."

 அனுப்பினால் இரண்டு பேரையும் அனுப்ப வேண்டும், அப்புறம் இதை யார் சரிசெய்வது என்று பெர்டிபெக் முணுமுணுத்தார். மருத்துவமனைக்கு உண்மையைச் சொல்லி நான் கடிதம் எழுத வேண்டும். மதியத்துக்குள் ஐச்சுரோக் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றார். அதை யார் படித்து ஒப்புதல் தருவது என்று கேட்டார். நுர்காசி கையைத் தூக்கினான்.

"வேணாம், அக்காவே பாக்கட்டும்," என்றாள் ஐச்சுரோக். "இன்னைக்கு அவங்கள விட ஒழுங்கா படிக்கிறவங்க இந்த ஆபீஸ்ல யாரும் இல்ல."

பெர்டிபெக்கே சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கித் திரை தெரியவில்லை.