அப்பாவின் எண்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இன்று காலை மேலாளர் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "கேஸ் முடியற வரைக்கும் வண்டியத் தொடாதம்மா. பெத்தவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். எவனோ என் பெயரில் சிம் வாங்கி, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஊரையே மொட்டையடித்திருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் ஒரு படத்தைக் காட்டினார். சிம் வாங்குவதற்காகக் கொடுத்த அடையாள அட்டை.

"இது உன்னோடதுதானே?"

என்னுடையதுதான். அட்டைக்குப் பின்னால் என் வேனின் கிழிந்த சீட் உறை தெரிந்தது. ஓரத்தில் என் கட்டைவிரல் வேறு. அந்தப் படத்தை நான் ஒரே ஓர் இடத்தில்தான் போட்டிருந்தேன், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்.

போடச் சொன்னவன் என் அண்ணன். எல்லாரும் சேர்ந்து வெளியூர் போக டிக்கெட் எடுக்கிறேன், அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்துப் போடுங்கள் என்றான். வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் வீட்டில் எதையும் தனியாக அனுப்பும் பழக்கமே கிடையாது. அத்தையின் ரத்தப் பரிசோதனை முடிவுகூடக் குழுவில்தான் வரும். நம்ம ஆளுங்கதானே என்ற நினைப்பு.

அந்தப் படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று அங்கேயே திறந்து பார்த்தேன். அம்மா, அண்ணன், அண்ணி, அத்தை, சித்தப்பா. கடைசியாக, அப்பா.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது.

முதலில் உடம்பு சில்லிட்டது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. குழுவை ஆரம்பித்தவர் அப்பா. அவர் பெயரை நீக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை மட்டும் அண்ணன் நிறுத்திவிட்டான். கம்பெனிக்காரர்கள் அந்த எண்ணை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் எங்கள் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நேராக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"குரூப்புல அப்பா நம்பர்ல இருந்த போட்டோ காணாமப் போச்சுன்னு அம்மா அன்னிக்கே சொன்னாங்கல்ல? நீ என்ன சொன்ன?"

"ஏதோ அப்டேட்னு நெனச்சேன்டி" என்றான் அண்ணன்.

"நெனச்சியா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நெனச்சேங்கற. அந்த நம்பர மொதல்ல தூக்கு."

அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"இருடா. அப்ப நான் அனுப்புனதெல்லாம் அவன் கேட்டிருக்கானா?"

எங்களுக்குப் புரியவில்லை. அம்மா தன் போனை நீட்டினாள். அப்பாவின் எண்ணுக்கு அவள் தனியாக அனுப்பிய குரல் செய்திகள், நாள் தவறாமல். அந்த போட்டோ போன நாளிலிருந்து எல்லாவற்றிலும் நீல டிக்.

"நீலமாச்சுன்னா எனக்கு ஒரு ஆறுதல்டி. பைத்தியக்காரத்தனம்னு தெரியும். யாருகிட்டயும் சொல்லல."

அந்த நாயை வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் அழிக்கப் போனான். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அழிச்சா அவன் இருக்கான்னு எப்படிக் காட்டுவ? வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஆய்வாளர் செய்திகளை ஸ்பீக்கரில் போட்டார். 'முட்டி வலி தாங்கலைங்க. நீங்க இருந்தா தைலம் தேச்சு விடுவீங்க' என்று அம்மாவின் குரல் நிலையம் முழுக்கக் கேட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. மூலை மேசையில் எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். நான் எழுந்தேன். அம்மா என்னை விலக்கிவிட்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன சிரிப்பு? எங்க வீட்டு அந்தரங்கத்தக் கொண்டாந்து ஒங்க முன்னாடி கொட்டியிருக்கேன். எம் பொண்ணு திரும்ப வண்டி எடுக்கணும். பேனாவ எடுங்க. எழுதுங்க."