பிரசவ அறையில் ஒரு பூட்டு

அன்று காலை அம்புரோஸ் குறைப்பட்டுக்கொண்டது அந்தக் கதவைப் பற்றித்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவ அறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. அதன் கதவு மலை ஈரத்தில் ஊறி, கீல் தளர்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கினால்தான் திறக்கும். இல்லாவிட்டால் சிமெண்டுத் தரையை உரசிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும்.

"நாளைக்கு இழைப்புளியக் கொண்டாந்து அடியில ஒரு இழை இழைச்சு விட்டுர்றேன்," என்றான். தேயிலை ஆலையில் அவன் ஃபிட்டர். மரவேலையும் கொஞ்சம் தெரியும்.

"துரை இருந்த காலத்துலேர்ந்து சொல்றீங்க. அந்த நாளைக்குத்தான் வரவே மாட்டேங்குது," என்றாள் அவன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரி நர்ஸ் கத்தரீன்.

அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஒரு துண்டைக் கடித்துவிட்டு உப்பு இல்லையா என்று கேட்டான். உப்பு வேண்டுமானால் கீழே லாரியோடு நிற்கிற ஜப்பான்காரனிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். வாயில் கிழங்கோடு சிரித்தான். சிரித்தபடியே தட்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய், பழைய கட்டில் சட்டங்களுக்குப் பின்னால் குந்தினான். அவள் கதவைத் தூக்கிச் சாத்தி வெளியே பூட்டினாள். கழுத்தில் சிலுவை தொங்கிய கயிற்றிலேயே சாவியைக் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியில் பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாக எவனுக்கும் தோன்றாது என்பது அம்புரோஸின் யோசனை. ஜப்பான்காரன் வந்து அது இரண்டாவது வருஷம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்துகொண்டிருந்தது. முதல் தடவை அரிசியும் சம்பளமும் தருவதாக ஆசை காட்டினார்கள். அடுத்த தடவை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் நெட்டித் தள்ளி ஏற்றினார்கள். ஓடிய ஒருவனைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விரட்டிக் குத்திப் போட்டார்கள். அவன் உடம்பை எடுக்கவும் யாரையும் விடவில்லை. இது மூன்றாவது லாரி. மதிய மழைக்கு முன்னால் ரிங்லெட் வழியாக மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கிவிடும். அதுவரை அம்புரோஸ் மூச்சுக் காட்டாமல் இருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சீதாவை அழைத்துக்கொண்டு அவள் மாமியார் ருக்குமணி வந்தாள்.

சீதா கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் வேலப்பன் இரண்டாவது லாரியில் போனவன். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்த பிள்ளை, அன்றைக்கென்று இறங்கிவிட்டது. பனிக்குடம் வழியிலேயே உடைந்து பாவாடை நனைந்திருந்தது. மரவள்ளியையே தின்று கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. கத்தரீன் அவளைக் கட்டிலில் சாய்த்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். தலை கீழேதான் இருந்தது. கத்தரிக்கோலையும் நூலையும் பால் டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

ருக்குமணி வழக்கப்படி வேலையைத் தொடங்கினாள். மருமகளின் கொண்டையை அவிழ்த்தாள். பாவாடை நாடாவைத் தளர்த்தினாள். தான் கொண்டுவந்த துணி மூட்டையைப் பிரித்துப் போட்டாள். பிள்ளை பெறும் இடத்தில் முடிச்சு இருக்கக்கூடாது, மூடி இருக்கக்கூடாது, பூட்டும் இருக்கக்கூடாது என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கம். கட்டிக் கிடப்பதெல்லாம் திறந்தால்தான் பிள்ளைக்கும் வழி திறக்கும்.

கத்தரீன் தைப்பிங்கில் நர்ஸ் படிப்புப் படித்தவள். இங்கே வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். ஆனால் பூட்டைத் திறந்து ஆணியில் மாட்டியதும் வலியில் முறுக்கிக் கிடந்தவளின் முகம் இளகுவதைப் பார்த்த பிறகு, அவளாகவே அதைத் தன் வேலையில் சேர்த்துக்கொண்டாள். எந்தப் பெண் வந்தாலும் முதலில் சாமான் அறைப் பூட்டைத் திறப்பாள். அப்புறம்தான் கை கழுவுவாள். நர்ஸ் மிஸ்ஸி வேதக்காரியாக இருந்தாலும் நம்ம வழக்கம் தெரிந்தவள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

அதனால்தான் சீதாவின் கண் நேரே அந்தக் கதவுக்குப் போயிற்று.

"மிஸ்ஸி, அந்தப் பூட்டு."

சாவி தொலைந்துவிட்டது என்றாள் கத்தரீன். நீ மூச்சை இழுத்து விடு, பூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வலி வந்து போயிற்று. தலை ஒரு விரலளவு இறங்கி, திரும்ப ஏறிக்கொண்டது. அடுத்த வலியிலும் அப்படியே. சீதா முக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அது தொங்குற வரைக்கும் எனக்குப் பொறக்காது மிஸ்ஸி. நான் செத்துருவேன்."

ருக்குமணி கதவருகே போனாள். பூட்டைத் தொட்டாள். அதற்கு அந்தப் பக்கம் தட்டு ஒன்று லேசாகத் தரையில் இடித்தது. அவள் திரும்பிக் கத்தரீனின் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள எலி கெடக்குதுலா," என்றாள் ருக்குமணி மருமகளிடம். "தொறந்தா உம்மேல ஏறும். நீ பேசாம முக்குடி." சொல்லிவிட்டு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆனாலும் பூட்டு அவள் தலைக்கு மேலே தெரிந்தது.

பூட்ஸ் சத்தம் கேட்டபோது பிள்ளையின் தலை தெரிய ஆரம்பித்திருந்தது.

இரண்டு ஜப்பானியச் சிப்பாய்கள் வந்தார்கள். முன்னால் கங்காணி கருப்பையா. லாரிக்கு ஆள் குறைந்ததால் ஆலை, லயம், கோயில் என்று தேடி, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். கட்டிலில் கிடந்த நிலையைப் பார்த்ததும் கருப்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இங்கே ஆம்பளை யாரும் இல்லை என்று கையை ஆட்டினான். ஒரு சிப்பாய் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி முனையால் துழாவினான். இன்னொருவன் பூட்டைப் பார்த்தான். பூட்டு அவனுக்கு வெறும் பூட்டுதான். திரும்பிவிட்டான். மூவரும் வாசல்வரை போய்விட்டார்கள்.

அப்போது சீதா அலறினாள். கருப்பையா திரும்பிப் பார்த்தான். இதே அறையில், இதே கட்டிலில் அவன் பெண்டாட்டி இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறாள். இரண்டு முறையும் கத்தரீன் பூட்டைத் திறந்து ஆணியில் மாட்டியதை வாசலில் நின்று பார்த்தவன் அவன்.

"என்னா மிஸ்ஸி, புள்ள பெக்குற எடத்துல பூட்டப் போட்டு வச்சிருக்க?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. லயத்துக்காரன் எவனும் அதைத்தான் கேட்டிருப்பான். கேட்டபடியே விரலை நீட்டிவிட்டான். அதன் பிறகுதான் ருக்குமணியின் முகத்தைப் பார்த்தான், கத்தரீனைப் பார்த்தான். நீட்டிய விரலை மடக்கினான். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. விரல் போன திசை தெரிந்தது.

அந்தச் சிப்பாய் ருக்குமணியின் மயிரைப் பிடித்து இழுத்து எறிந்தான். அவள் முகம் சுவரில் மோதிப் பல் உடைந்தது. துப்பாக்கிக் கட்டையால் பூட்டை அடித்தான். அசையவில்லை. கையைத் திருகிக் காட்டிச் சாவி கேட்டான். கத்தரீன் திரும்பவில்லை. சீதாவின் பிள்ளைக்குத் தலை வெளியே வந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஒரு சுற்றை எடுத்துவிட்டாள். இரண்டாவது இறுகிக் கிடந்தது. அதற்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலைச் செருகிப் பிடித்திருந்தாள். விரலை எடுத்தால் கொடி நெரித்துவிடும்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது விலாவில். எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. விரலை எடுக்கவில்லை. "பகேரோ" என்று ஜப்பான் மொழியில் வைதுகொண்டு மூன்றாவது முறை காதோடு சேர்த்து அடித்தான். இரத்தம் கண்ணில் இறங்கியது. விரலை எடுக்கவில்லை. இன்னொரு சிப்பாய் கத்தி செருகிய துப்பாக்கியைச் சீதாவின் வயிற்றில் வைத்தான்.

கருப்பையா அவன் காலில் விழுந்தான். சிப்பாய் அவனை உதைத்துத் தள்ளினான்.

"கத்தரீன்," என்று கதவுக்குப் பின்னால் இருந்து அம்புரோஸின் குரல் வந்தது. "சாவியக் குடுத்துரு. நீ புள்ளையப் பாரு."

அவளுக்குக் கொடுக்கக் கை இல்லை. குரல் கேட்டதும் சிப்பாயே அவள் கழுத்தைத் தடவிக் கயிற்றைக் கண்டுபிடித்து அறுத்தான். சிலுவை தரையில் தெறித்தது. பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. அவன் உதைத்தான், இழுத்தான். அது தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு உதைக்கும் அவன் கோபம் ஏறி, துப்பாக்கியைக் கட்டில் பக்கம் திருப்பினான். உள்ளேயிருந்து அம்புரோஸ்தான் கதவைத் தூக்கிக் கொடுத்தான்.

அவனைத் தரையோடு இழுத்துப் போனார்கள். கட்டிலைத் தாண்டும்போது கத்தரீனுக்கு அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே தண்ணீர்த் தொட்டியருகே அடித்தார்கள். முதலில் அவன் அலறும் சத்தம் வந்தது. பிறகு அடி விழும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கருப்பையா, "வேணாம் ஐயா, ஆளு ஒங்களுக்கு வேணும்ல, சயாமுக்கு வேணும்ல," என்று அழுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

உள்ளே அடுத்த வலி வந்தது. "இப்ப முக்கு," என்றாள் கத்தரீன். சீதா முக்கினாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பெண். நீலமாக, துணிபோல் தொங்கியது. அழவில்லை. கத்தரீன் வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னம் நிறையும் அளவு மட்டும் ஊதினாள். விலா குத்தியது. மறுபடி ஊதினாள். மறுபடியும். பிள்ளை ஒருமுறை விக்கி, பூனைக்குட்டிபோல் கத்தியது. கொதித்த நூலால் கொடியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டினாள். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று விரித்துப் பார்த்தாள். அடிவயிற்றைத் தேய்த்துக் கருப்பை கெட்டியாகும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். இரத்தம் நின்ற பிறகு பிள்ளையைச் சீதாவின் மாரில் வைத்தாள். அதன் பிறகுதான் வெளியே போனாள்.

அம்புரோஸ் தொட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தான். முதுகில் கத்தி இறங்கிய இடத்தில் சட்டை ஒட்டியிருந்தது. தண்ணீர் சிவந்திருந்தது. உதட்டோரம் கிழங்குத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டாள்.

கருப்பையாவைக் காணவில்லை. ஆள் ஒன்று குறைந்ததற்கு அவனையே லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவனும் திரும்பவில்லை, வேலப்பனும் திரும்பவில்லை. கருப்பையாவின் பெண்டாட்டி மூன்றாவது பிள்ளைக்கு அந்த அறைக்குத்தான் வந்தாள். கத்தரீன்தான் பிரசவம் பார்த்தாள்.

அதன் பிறகு யாரும் பூட்டாத பூட்டு ஆணியிலேயே தொங்கித் துருப்பிடித்தது. சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரைகள் திரும்பி வந்தார்கள். கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சீதாவின் மகளும் தன் முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றாள். சாமான் அறைக் கதவு மட்டும் இன்னும் தரையை உரசுகிறது. சற்றே மேலே தூக்கினால்தான் திறக்கும்.