தங்கை கட்டிய பாலத்துக்குப் பத்து நிமிடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் காற்றோடு வந்தது. பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் என் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கிருந்து "போச்சு!" என்று ஒரு சத்தம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடினேன். (ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீரை மிச்சப்படுத்தினேன்.)

எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"வெயில் சாய்ந்துகொண்டிருந்த அந்த மதியத்தில், அவள் மனம்..." வேண்டாம். அவள் மனம் கணினித் திரையில் இருந்தது.

"நான்கு ஓட்டைகளில் கேபிள் எதில் இருக்கிறது?" இது பரவாயில்லை. ஆனால் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் புரியும்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பால்கனியில் கணினியோடு இருந்து சத்தம் போட்டவள் தங்கை. வீட்டில் உட்கார்ந்தபடியே ஊரார் சர்வர்களைப் பராமரிப்பவள். அவளுடைய அக்கா, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறாள். குடியிருப்பது அதன் மாடியில். கூடத்தின் பின்னறையில் ஒரு சர்வர். அதையும் பார்த்துக்கொள்வது தங்கைதான்.

இருவரும் பேசி ஏழு மாதம் ஆகிறது. விருந்தாளிகள் எதிரில் அக்கா, "இவ வேலை என்ன பெரிய வேலை, மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவா" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மின்னஞ்சல் மட்டும். அக்கா எழுதுவாள்: "சர்வர் மெதுவாக உள்ளது. ஆவன செய்யவும்." தங்கை எழுதுவாள்: "செய்யப்பட்டது."*

* இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தங்கையின் வீட்டுக்காரர் வாயில் எதுவும் நிற்காது.

3

அந்த ஒரு சர்வருக்குள் இனி இரண்டு கணினிகள் ஓட வேண்டும். நிஜக் கணினிகள் அல்ல, கணினி என்று பாவனை செய்யும் வெர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று நோயாளிகளைப் பதிய, ஒன்று பரிசோதனை முடிவுகளை அனுப்ப. இரண்டும் வெளியே பேச வேண்டுமானால், சர்வருக்குள் ஒரு 'பிரிட்ஜ்', தமிழில் பாலம், அமைத்து, கேபிள் செருகியிருக்கும் ஓட்டையை, அதாவது போர்ட்டை, அதனோடு இணைத்து, சர்வரின் முகவரியையும் அந்தப் பிரிட்ஜிடம் ஒப்படைக்க வேண்டும். நான் சொல்வதற்குச் சுலபம்.

கூடம் மூடியிருக்கும் ஞாயிறு மதியமாகப் பார்த்துத்தான் தங்கை தொடங்கினாள். வேறொரு வாடிக்கையாளருக்கு எழுதிய செட்டிங் கோப்பை நகலெடுத்தாள். முகவரியை மாற்றினாள். போர்ட் எண்ணை மாற்ற மறந்தாள். கேபிள் இருப்பது மூன்றாம் போர்ட்டில்; பிரிட்ஜ் அமைந்தது இரண்டாம் போர்ட்டில். சர்வர் அந்த நொடியே அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

(இந்த இடத்தில் "அக்காவைப் போலவே" என்று எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.)

"போச்சு!"

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு?"

"போர்ட் நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். லைன் கட்டாயிடுச்சு."

"அப்ப அக்காவுக்குப் போன் போடு. கீழ போயி கேபிளை மாத்திச் சொருகச் சொல்லு."

"ஒண்ணும் வேணாம். பத்து நிமிஷத்துல நான் சரின்னு சொல்லலைன்னா பழைய செட்டிங்குக்கே போயிடணும்னு முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டுத்தான் தொட்டேன். தானா வந்துடும்."

"தானா வர்றது சர்வர்தான்."

"உங்களை யாரும் கேக்கலை."

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இவள் இத்தனை உஷாராக இருந்தால் என் கதை என்னாவது? அந்த முன்னேற்பாட்டை மறந்தவளாக அவளை மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்போது வேறு வழியில்லாமல் போன் போட்டாள்:

"ம்," என்றாள் அக்கா.

"கேபிளை ரெண்டாவது ஓட்டைக்கு மாத்தணும்."

"எந்தப் பக்கத்துல இருந்து ரெண்டாவது?"

"இடது பக்கம்."

"உன் இடதா, என் இடதா?"

"ஐயோ அக்கா, நீதானே அங்க நிக்கிறே? உன் இடதுதான்."

"அக்காவாம்! ஏழு மாசமா எங்கடி போயிருந்தா இந்த அக்கா?"

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் பொய். என் கதை வசதிக்காக வேலை தெரிந்த ஒருத்தியை அசடாக்கினால் நானும் அந்த விருந்தாளிகளோடு சேர்ந்து சிரித்த மாதிரிதானே? அடித்துவிட்டேன்.

5

ஆகவே, நடந்தது நடந்தபடி.

பத்து நிமிடமும் போன் அவள் கையில்தான் இருந்தது. அக்காவின் எண் வரை போனாள். மேசையில் கவிழ்த்து வைத்தாள். எடுத்தாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். (போனில் முடி எங்கே தெரியப்போகிறது?) பத்தாம் நிமிடம் சர்வர் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றது. எல்லாம் ஒழுங்கு. அவள் முகம்தான் ஏறவேண்டிய பேருந்தை விட்டவள் முகம்போல் ஆகிவிட்டது.

கோப்பைத் திறந்தாள். தப்பான எண் கண்ணெதிரே நின்றது. இரண்டை மூன்றாக்கினால் வேலை முடிந்தது. அக்காவைக் கூப்பிட ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

மாற்றவில்லை. பத்து நிமிட ஏற்பாட்டை மறுபடி வைத்தாள். கோப்பை அப்படியே ஓட்டினாள். லைன் மறுபடி போயிற்று.

"ஏம்மா, அதே ரெண்டைத்தானே திரும்பப் போட்டே?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"பத்து நிமிஷம் கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்."

அவர் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கும் சத்தமும்.

6

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் இவள் கூப்பிடுகிறாள். ஒன்றில், மாடியில் கணினித் திரையில் லைன் போனதைப் பார்த்த அக்கா முந்திக்கொள்கிறாள். மூன்றாவது எனக்கே பிடிக்கவில்லை, அதில் இருவரும்...

தரமாட்டேன். இது நீங்கள் செய்யவேண்டிய வேலை. கூப்பிட்டாளா, என்ன பேசினாள், முதலில் அழுதது யார் என்பதெல்லாம் உங்கள் பாடு. அவசரப்பட வேண்டாம், இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. போதாவிட்டாலும் பரவாயில்லை. கோப்பில் அந்த எண்ணை அவள் இன்னும் திருத்தவில்லை.