சிவப்பு திரும்பி வந்த வருஷம்

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து தக்காளி வாங்கிவந்தார். பையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் பச்சைக்காய்.

"என்ன, எல்லாம் காயா அள்ளிட்டு வந்திருக்கிய?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் பெரிதாக நினைக்கவில்லை.

நாங்கள் சுரண்டைப் பக்கம். கல்யாணமான கையோடு நெய்வேலிக்கு வந்தோம். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுகளை ஓட்டுகிற கண்ட்ரோல் ரூமில் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து ஆபரேட்டர். பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்து, வாசலில் நான் வைத்த காகிதப்பூ கொடி ஜன்னல்வரை ஏறியிருந்த நேரத்தில்தான் அவருக்கு இருமல் வந்தது. காசநோய் என்றார்கள். ஊசி, மாத்திரை, ஓய்வு என்று அந்தக் கோடை முழுக்க வீட்டிலேயே கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் எங்கள் வாசல் பக்கம் வராமல் இருந்தார்கள். உடம்பு தேறி மறுபடி ஷிப்டுக்குப் போனபோது, மாத்திரையை மட்டும் ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். "கண்ணுல எது வித்தியாசமாத் தெரிஞ்சாலும் உடனே வரணும்" என்று டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

தீபாவளிக்கு அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்திருந்தேன். நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து எடுத்த சேலை அது. விடியக்காலை குளித்து, கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்த மண்ணு கலருல எடுத்த?" என்றார்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். நோயில் கிடந்து எழுந்ததிலிருந்து அவர் என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று ஏற்கெனவே மனதில் இருந்தது. பேப்பரை விளக்கடியில் வைத்துக்கொண்டு படிப்பார், பாதியில் மடித்துப் போடுவார். ஏதாவது கேட்டால் கோபம் வரும். என்மேல் வெறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் சுரங்கத்தில் களிமண் பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்திவிட்டு கான்ட்ராக்ட் ஆட்கள் மேலே ஏறிச் சுரண்டி எடுப்பார்கள். ஆள் ஏறினால் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும். எல்லாரும் இறங்கி, அங்கே உள்ள சுவிட்சைத் திருப்பினால் பச்சை எரியும். பச்சையைப் பார்த்துத்தான் இவர் பெல்ட்டை ஓட்ட வேண்டும்.

சிவப்பும் பச்சையும் தனக்கு ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை என்று இடத்தை வைத்தே சமாளித்திருக்கிறார். ஒருநாள் மதிய ஷிப்டுக்குப் போனால் பழைய விளக்குப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் விளக்குகள் பக்கத்துப் பக்கத்தில். எது எந்தப் பக்கம் என்று கேட்கவும் கூச்சம். கேட்டால், கண்ணால் பார்த்துத் தெரியவில்லையா என்பார்கள்.

பெல்ட்டில் கொளஞ்சியப்பனும் இன்னும் நான்கைந்து பேரும் ஏறியிருந்தார்கள். கொளஞ்சியப்பன் பக்கத்துக் கிராமத்து ஆள், எங்கள் வீட்டுக்கும் வந்துபோகிறவர். கொஞ்ச நேரத்தில் ஒரு விளக்கு அணைந்து மற்றது எரிந்தது. இறங்கிவிட்டார்கள் போல என்று நினைத்து இவர் பட்டன்மேல் விரலை வைத்தார். வைத்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. முதலில் எரிந்தது சிவப்புதானா? நடுவில் யாரும் திரும்ப ஏறியிருந்தால்? போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட் ஏன் நிற்கிறது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். இவர் கையை எடுத்துவிட்டார். பக்கத்து அறைக்குப் போய் ஃபோர்மேன் சிங்காரவேலுவிடம் சொன்னார்:

"சார், எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரிய மாட்டேங்கு. என்னை இந்த நாற்காலில உக்காத்தாதீங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது, நனைந்த சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பார்க்கப்போனா பச்சைதான் எரிஞ்சிருக்கு. எல்லாரும் இறங்கி டீ குடிச்சிட்டு இருந்தானுவ. நான் ஓட்டியிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காது" என்றார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் அப்ப?"

"அதான் ஏளா. தெரியாதுல்லா."

அப்புறம்தான் தக்காளியும் சேலையும் எனக்கு விளங்கின. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஆவணியிலிருந்து என்றார். வேலை போய்விடுமோ என்ற பயம். ஏற்கெனவே சீக்காளி என்று பெயர். இதில் கண்ணும் போனால் என்ன செய்வது என்ற பயம். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதி. மனுஷனுக்கு என்மேல் வெறுப்பில்லை. என் சேலையின் நிறம்தான் அவருக்கு எட்டவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் பார்த்து, பாண்டிச்சேரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். பண்ருட்டி போய் பஸ் மாறிப் போனோம். அங்கே கண் டாக்டர் ஒரு அம்மா. ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண் ஒளிந்திருக்கும். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற எனக்கு எழுபத்துநாலு என்று பளிச்சென்று தெரிந்தது.

"என்ன நம்பர் இருக்கு?"

அவர் குனிந்து குனிந்து பார்த்தார். "ஒன்னும் இல்லீங்களே" என்றார்.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். "இல்லீங்களே." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். "கண்ணுக்குள்ள விழித்திரைன்னு மெல்லிசா ஒரு படலம் இருக்கு. வெளிச்சம் பட்டதும் அதுல ஒரு ரசாயனம் மாறும். அந்தச் சேதிய ஒரு உயிரணு பக்கத்து உயிரணுவுக்குச் சொல்லும். அதையும் ரசாயனத்தாலதான் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறி கடைசி வரிசைக்குப் போகும். அந்த உயிரணுக்களோட வாலெல்லாம் ஒன்னா சேர்ந்துதான் நரம்பா மூளைக்குப் போகுது."

"அப்ப எனக்கு லைட்டு போச்சா, வயரு போச்சாங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "லைட்டு நல்லாத்தான் இருக்கு. கடைசி வரிசையிலயும் நரம்புலயும்தான் கோளாறு. நீங்க சாப்பிடுற மாத்திரையில ஒன்னு சிலருக்கு இப்படிச் செய்யும். அந்த இடத்துக்குத் துத்தநாகம் துளியூண்டு வேணும், மாத்திரை அதைப் பிடிச்சு வச்சுக்குதுன்னு சிலர் சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்தணும்ங்கிறது மட்டும் நிச்சயம்."

"திரும்ப வருமாம்மா?" என்று நான் கேட்டேன்.

"பெரும்பாலும் வரும். மாசக்கணக்கா ஆகும். வராதவங்களும் இருக்காங்க."

அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். சுரங்கத்திலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஸ்டோர்ஸில் போன் எடுக்கிற வேலை, பகலில் மட்டும் உள்ள ஜெனரல் ஷிப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பன் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார்.

"பச்சைதான் எரிஞ்சுதாமே, நாங்களும் பெல்ட்டுல இல்லதான். அது கெடக்குது வுடுங்கண்ணே. தெரியலன்னு கைய எடுத்தீங்க பாருங்க, அத்த எங்க வூட்டுல சொல்லிகினு இருக்காங்க" என்றார். இவர் கொய்யாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழி, தை, மாசி. இப்போது நினைத்தாலும் எங்கள் வாழ்க்கையில் அவைதான் நல்ல மாதங்கள் என்று தோன்றுகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஷிப்டுக்காரன் பெண்டாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் நடக்கப் போவோம். ரோடுகள் அப்போது அகலமாக, வெறிச்சென்று, இருபுறமும் மரங்களோடு இருந்தன. எல்லா வீடும் ஒரே மாதிரி, வேலி மட்டும் வேறு வேறு.

"அது என்ன கலர்?" என்று கேட்பார்.

"ரோஸ்."

"எந்த ரோஸ்? எத்தனையோ இருக்கு."

எனக்குச் சேலைக்கடை நிறங்கள்தான் தெரியும். வெங்காயக் கலர், மயில்கழுத்து, மாம்பழக் கலர், கிளிப்பச்சை. அவையும் போதாமல் போகும்போது தேடிப் பிடித்துச் சொல்வேன். "பீர்க்கங்காய்ப் பொரியல் இறக்கும்போது இருக்கும்லா, அந்தப் பச்சை." "குழந்தை அழுது முடிச்சதும் காது சிவந்திருக்கும்லா, அது." அவர் நின்று யோசிப்பார். "ஆமா, பிடிபடுது" என்பார். பொங்கலுக்கு எங்கள் பிளாக் முழுக்க வாசல் வாசலாகக் கோலம் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். யார் எதைப் பார்த்துச் சிரித்தாலும் கவலைப்படவில்லை. கல்யாணமாகி அதுவரை பேசாத பேச்செல்லாம் நிறத்தைச் சாக்கிட்டு அப்போது பேசினோம். அவருடைய அம்மா எந்தச் சேலையில் இறந்துபோனாள் என்பதைக்கூட அப்படித்தான் ஒருநாள் சொன்னார்.

எனக்கும் கண் திறந்தது. அதுவரை நான் எதையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

சித்திரையில் ஒரு வேலையாகப் பண்ருட்டி போனோம். பஸ் ஸ்டாண்டில் பலாப்பழ வாசனை மூக்கைத் துளைத்தது. வெயிலுக்கு ஒதுங்கி நின்றோம். எதிரே ஒரு அம்மா கூடையில் முந்திரிப்பழம் வைத்து உட்கார்ந்திருந்தாள். இவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்திரா, அதுல ரெண்டு கலர் இருக்கா?"

"இருக்கே."

"சொல்லாத. நான் சொல்லுதேன்." கூடையருகே போய்க் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிரித்து வைத்தார். மஞ்சள் ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இன்னாம்மா பண்றாரு?" என்றாள்.

"பாத்துட்டு இருக்காங்க" என்றேன்.

ஒரே ஒரு பழம் மாறியிருந்தது. மஞ்சளில் லேசாகச் சிவப்போடிய பழம் அது. யாருக்கும் மாறும். கூடையை அப்படியே வாங்கிக்கொண்டோம். வீடு வந்து சேர்வதற்குள் பாதி கசங்கிச் சாறாகி என் மடியெல்லாம் கறை.

ஆனியில் மறுபடி புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார்கள். ஒன்றிரண்டு பக்கம் தவிர எல்லாம் சொன்னார். மறு மாதமே கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை ஷிப்ட். இருட்டோடு எழுந்து டிபன் கட்டிக் கொடுத்தேன். சைக்கிளை எடுக்கும்போது, "சாயங்காலம் நடக்கப் போலாமா?" என்று கேட்டேன்.

"தூங்கணும்ளா. அடுத்த வாரம் நைட்டு வேற" என்றார்.

பிளாக் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டு கேட்டது அது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அவர் ரிடையர் ஆகும்வரை நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படி நடந்ததில்லை. ஷிப்டும் அப்புறம் பிறந்த பிள்ளைகளும் விடவில்லை. அன்றைக்கு உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. என்ன நிறம் என்று யோசித்தபடி வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.